பெரிய படகா, சிறிய வள்ளங்களா?

நெடுந்தீவின் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் கடந்த இரண்டு மாதங்களாக ஒரே ஒரு கேள்வி மக்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றது. தேர்தல் காலமும் அல்ல. திருவிழாக் காலமும் அல்ல. பெரிய படகு ஒன்றை வாங்குவதா, சிறிய வள்ளங்கள் சிலவற்றை வாங்குவதா என்பதே அந்தக் கேள்வி. கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆனால் உழைப்பாளி மக்களின் வாழ்வில் அற்பமான கேள்வி என்று எதுவும் இல்லை என்பதை இந்த இரண்டு மாதங்களில் நாம் நேரிலே கண்டோம்.

சங்கதி இதுதான். இவ்வூரிலிருந்து கடல் கடந்துபோய்க் கனடாவிலும் பிரான்சிலும் உழைத்து வாழ்கின்ற சிலர், தம் ஊதியத்தில் மிச்சம்பிடித்து ஒரு தொகை சேர்த்திருக்கின்றார்கள். அதனை ஊரின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தருவதாகக் கடிதம் எழுதினார்கள். தொகையோடு ஒரு விருப்பமும் வந்தது. ஊருக்குப் பெருமை தரத்தக்க பெரிய படகாக ஒன்று வாங்க வேண்டும். அதன் அணியத்தில் ஊரின் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். அதனைக் கடலில் இறக்குகின்ற நாளில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பனிக்குளிரில் இரவுவேலை செய்து சேர்த்த பணம் அது. அதற்கு உரியவர்களின் ஆசையை ஏளனம் செய்ய எமக்கு மனம் இல்லை.

இத்தீவுக்கு நாம் தமிழாசிரியராக வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கடலில் எமக்குள்ள புலமை, குறிகட்டுவானிலிருந்து மாவிலித்துறைவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணிகள் படகில் குந்தியிருந்து, வயிற்றைப் பிரட்டாமல் வந்து சேர்வதோடு முடிந்துவிடுகின்றது. ஆயினும், கடிதம் எழுத வேண்டுமென்றால் மாஸ்டரைத் தேடுவது ஊர் வழக்கம். அப்படித்தான் நாம் இவ்விவகாரத்தில் அகப்பட்டோம். பதில் எழுதுவதற்கு முன் விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமல்லவா? கரையிலே இருந்து கேட்டோம், பார்த்தோம், சில நாள்கள் கடலுக்கும் போனோம்.

சிறியது என்று இங்கே சொல்லப்படுவது, 18 அடி அளவான கண்ணாடி இழை வள்ளம். பின்புறத்தில் 15 முதல் 40 குதிரைவலு வரையான வெளியிணைப்பு இயந்திரத்தைக் கொளுவிக்கொள்வார்கள். பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடுகின்ற இயந்திரம் அது. இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் போய், இரவில் வலை போட்டு விடியலில் திரும்புவார்கள். பெரியது என்று பேசப்படுவது, 28 அடி அளவான, உள்ளே டீசல் இயந்திரம் பூட்டிய, மேல்தட்டும் மீன் வைக்கும் அறையும் உடைய படகு. மூத்தவர்கள் அதனை இன்றும் மூன்றரைத் தொன் படகு என்றே சொல்லுகின்றார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது. 1950களின் பிற்பகுதியில் இலங்கை அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்கப் புறப்பட்டபோது, இந்த மூன்றரைத் தொன் படகுகளைத்தான் தவணைக் கடனுக்கு வழங்கியது. 1960களின் பிற்பகுதியில், 1956இல் நோர்வேக்குச் சென்ற யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரமும் நோர்வே நாட்டு நண்பர்களும் முன்னின்று தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் படகு கட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நிறுவியது. காரைநகரிலிருந்து கண்ணாடி இழைப் படகுகள் வெளிவரத் தொடங்கிய பின்னர், மரக்கலம் மெல்லமெல்லக் கரையில் ஒதுங்கியது. இவ்வடபுலத்தார் பெரிய கலம் அறியாதவர்கள் அல்லர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை ஓடிய கப்பல். ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் தோணிகள் வந்து நிறைந்த துறை.

பின்னர் போர் வந்தது. கடல் மூடப்பட்டது, சிறிது திறக்கப்பட்டது, மறுபடியும் மூடப்பட்டது. வலுமிக்க இயந்திரங்களுக்குத் தடை, இரவில் தொழிலுக்குத் தடை, இத்தனை தூரத்துக்கு அப்பால் போகத் தடை. 1985 மே 15 அன்று இதே நெடுந்தீவுக் கடற்பாதையில் குமுதினிப் படகில் வந்துகொண்டிருந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை இவ்வூரில் யாரும் மறக்கவில்லை. 1990இல் தீவகமெங்கும் மக்கள் இடம்பெயர்ந்தபோது பெரிய படகுகள் கிடந்த இடத்திலேயே கிடந்து இற்றுப்போயின. சிறிய வள்ளமோ குடும்பத்தை ஏற்றிச் சென்றது. 2009இன் பின் தொழிலை மறுபடியும் தொடங்கியவர்கள் ஏன் சிறியதிலேயே தொடங்கினார்கள் என்பதற்கு வறுமை ஒரு காரணம்; இந்த நினைவு மற்றக் காரணம் என்று எமக்குத் தோன்றுகின்றது.

பெரிய படகு வேண்டும் என்பவர்களின் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகின்றோம். அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் இருவர் எம்மிடம் படித்தவர்கள். அவர்களுடைய வாதம் வெறும் ஆசை அன்று.

வாடைக்காற்று வீசுகின்ற மாதங்களில் 18 அடி வள்ளம் நெடுந்தீவுக்கு வெளியே போக முடியாது. போனால் உயிர் பணயம். அந்த மாதங்களில்தான் அடுப்பு அணைந்து கிடக்கின்றது. 28 அடிப் படகு அந்த அலையைத் தாங்கும். ஐஸ் கொண்டு போகலாம். மீனைக் கெடாமல் கொண்டு வரலாம். விடிந்ததும் விற்றே ஆக வேண்டும் என்ற அவதி இல்லாதபோது, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயமும் தளரும். எண்ணெய்ச் செலவிலும் அவர்கள் கணக்குப் பிழையில்லை. இரண்டடிப்பு மண்ணெண்ணெய் இயந்திரம் குடிகாரன். அதே வேலையை டீசல் இயந்திரம் மிகக் குறைந்த எண்ணெயில் செய்யும். இதில் ஒரு காயமும் உண்டு. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பில் அது பத்திரிகைத் தலைப்பு. இங்கே அது வள்ளங்கள் வரிசையாய்க் கவிழ்ந்து கிடந்த கரை. பின்னர் விலை ஓரளவு இறங்கியது உண்மை. ஆனால், மண்ணெண்ணெயை நம்பி இனி வாழக்கூடாது என்று அந்த மாதம் சில இளைஞர்கள் மனத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

"சின்ன வள்ளத்தோடை எங்கடை அப்பு காலம் போச்சு, அப்பா காலமும் போச்சு. நாங்களும் அப்பிடியே போறதோ, சேர்?" என்று எம் பழைய மாணவன் ஒருவன் கேட்டான். முன்னேற்றத்தை வகுப்பறையில் போதித்த நாம் அவனுக்கு என்ன விடை சொல்வது?

விடை சங்கக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தது. அவர் வலையிலிருந்து நண்டு கழற்றிப் பிழைப்பவர், கணவரை இழந்தவர். பெண்கள் கூட்டத்தில் பேசுவது இங்கே இன்னும் பெருவழக்கு ஆகவில்லை. அவர் எழுந்து நின்று இவ்வளவுதான் கேட்டார்: "பெரிசை வாங்கிறது பெரிசில்லை. வாங்கின பிறகு அது எங்கை கிடக்கப் போகுது?"

கூட்டம் ஒரு கணம் மௌனமாயிற்று. ஏனென்றால் அதுவரை எல்லாரும் படகு கடலில் ஓடுவதையே பேசிக்கொண்டிருந்தார்கள். படகு தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஓடாமலே கழிக்கின்றது. ஓடாத நேரத்தில் அது எங்கே இருக்கின்றது, யார் பார்த்துக்கொள்கின்றார்கள், எப்படி அங்கே வந்து சேர்கின்றது என்பதை எல்லாம் விற்பவன் சொல்வதில்லை.

நெடுந்தீவின் கரை கல்லும் முருகைக் கற்பாறையும் கொண்ட கரை. நெடுந்தூரம் இடுப்பளவு நீர், நடுநடுவே கல். வெளியிணைப்பு இயந்திரத்தின் வசதி என்னவென்றால், கல் வருகின்ற இடத்தில் அதனைப் பின்னால் சாய்த்துத் தூக்கிவிடலாம். வள்ளம் தண்ணீரின் மேல் மிதந்து வந்துவிடும். உள்ளே இயந்திரம் பூட்டிய படகின் சுழலியும் சுக்கானும் அடியில் நிலையாக நிற்பவை. அவை கல்லில் முட்டினால் ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பிள்ளைகளுக்குப் பொருள் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். அப்பழமொழி எங்கே பிறந்தது என்று இங்கேதான் விளங்கிற்று.

ஆகவே பெரிய படகு தள்ளி ஆழமான இடத்தில் நங்கூரத்தில் நிற்க வேண்டும். நங்கூரத்தில் நிற்கும் படகுக்கு இரவில் காவல் வேண்டும். மழை பெய்தால் நீர் இறைக்க ஆள் வேண்டும். காற்று மாறினால் கயிறு மாற்ற ஆள் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் அதனை ஓட்டிக்கொண்டு ஒதுக்கிடம் தேடிப் புறப்பட வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த நேரத்தை நாம் இங்கேயே கழித்தோம். அன்று மாலை ஊரே கூடிச் சிறிய வள்ளங்களைப் பனைகளின் அடிவரை இழுத்துக் கொண்டுவந்து கட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. இயந்திரங்கள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தன. 15 குதிரைவலு இயந்திரத்தை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு போவான். 40 குதிரைவலுவுக்கு இரண்டு பேர் வேண்டும். படுக்கையறை மூலையில் சாக்கால் மூடி நிற்கும் இயந்திரத்தை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கின்றோம். வீட்டிலே அதுதான் விலை உயர்ந்த பொருள். பிள்ளைகள் அதில் சாய்ந்துகொண்டு படிக்கின்றார்கள்.

பெரியதையும் கரையேற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். எம்முடன் விடுதியில் தங்கியிருக்கும் கணித ஆசிரியர் அன்றிரவு கணக்குப் போட்டார். உருவம் ஒரே மாதிரி என்று வைத்துக்கொண்டால், நீளம் 18இலிருந்து 28க்குப் போகும்போது பாரம் அதே விகிதத்தில் போவதில்லை. கன அளவில் போகின்றது. ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு. சிறியதை ஆறு பேர் இழுத்தால் பெரியதற்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று பேர் வேண்டும். அதற்குமேல் டீசல் இயந்திரத்தின் பாரம் வேறு. அதனைக் கழற்றி வைத்துவிட்டு இழுக்கவும் முடியாது. அத்தனை ஆண்கள் இந்தக் கரையில் ஒரே நேரத்தில் இல்லை. பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்துகொண்டு படகுக்குப் பணம் அனுப்புகின்றார்கள்!

இந்த இழுவைக் கணக்கு எமக்குத் தூரத்துச் செய்தி அன்று. எம் வகுப்பு வரவு இடாப்பில் அது இருக்கின்றது. காலை வேளையில் வள்ளங்கள் திரும்பும்போது கரையில் ஆள் போதாவிட்டால், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பையன்கள் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் பனங்கொட்டின்மேல் வைத்துவிட்டுக் கயிற்றில் கை வைக்கின்றார்கள். உருளைக் கட்டைகளை மாற்றி மாற்றி வைப்பது சிறுவர் வேலை. முதலாம் பாடம் முடிகையில் நனைந்த தலையோடு வந்து நிற்பார்கள். க.பொ.த. சாதாரண தரத்து வகுப்பில் வாடைக்காலத்தில் சில நாள்கள் ஆண்பிள்ளைகள் வாங்கு வெறுமையாகவே இருக்கும். பையன்களைக் கண்டிக்க எமக்கு நா எழுவதில்லை. தகப்பனின் தோள் எலும்பு விலகியபின் மகன் இழுக்காமல் வேறு யார் இழுப்பது? முன்பு அம்பா பாடி இழுத்தார்களாம்; மூத்தவர்கள் இன்னும் ஓரிரண்டு அடி பாடுவார்கள். பாட்டு இழுவையின் நோவை மறக்கச் செய்ததே அன்றிக் குறைக்கவில்லை என்பதை நாட்டார் பாடல் ஆய்வாளர்களாகிய எம்மினத்தார் அடிக்கடி மறந்துவிடுகின்றோம்.

இலக்கியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகின்றது. உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த படகுகள் கழியோரத்துத் தறிகளில் கட்டப்பட்டிருப்பதைப் பட்டினப்பாலை பாடிய புலவர், கொட்டிலிலே கட்டிய குதிரைகளுக்கு ஒப்பிட்டார். பல்கலைக்கழகத்தில் இதனை உவமை நயம் என்று படித்துத் தேர்வில் எழுதினோம். நெடுந்தீவில், கட்டுவாரற்ற குதிரைகள் வெட்டவெளியில் மேய்வதையும் கட்டப்பட்ட வள்ளங்கள் கரையில் நிற்பதையும் ஒரே பார்வையில் கண்டபோதுதான், புலவர் நயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அவருக்குக் கலத்தின் பராமரிப்புத் தெரிந்திருந்தது என்று தோன்றிற்று. குதிரை வாங்குபவன் கொட்டிலுக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்.

கட்டி இழுக்கும் விஷயத்தில் பெரியதற்கு ஒரு பெருமை உண்டு. அதனை மறைப்பது நேர்மை அன்று. நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோன வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வருவது இங்கே எழுதாத சட்டம். பகையாளியின் வள்ளமானாலும் கயிறு எறிந்தே தீர வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் இருக்கின்றது. இடைக்கயிறு குறுகினால் பின்வள்ளம் முன்வள்ளத்தின் முதுகில் ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் அலை ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி கயிற்றை விட்டுக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் கட்டிய கட்டை பிடுங்கிக்கொண்டு போகும். 15 குதிரைவலு வள்ளம் இன்னொரு சிறிய வள்ளத்தை எப்படியோ இழுத்து வந்துவிடும்; காற்றும் எதிர்த்தால் விடியும்வரை ஆகும். 28 அடிப் படகு இரண்டு மூன்றைக் கோத்து இழுக்கும். பயணிகள் சேவை நின்றுபோன ஒரு மழை இரவில், பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கிய பெண் ஒருத்தியைச் சிறிய வள்ளத்தில் ஏற்றிக் குறிகட்டுவானுக்கு அனுப்பியதைக் கரையில் நின்று பார்த்தோம். தாயும் பிள்ளையும் நலம். ஆயினும் அந்த இரவில் பெரிய படகுக் கட்சியில் நாமும் இருந்தோம்.

ஆனால் அந்தப் பெரியதே நின்றுபோனால்? அதனை இழுக்க இக்கரையில் எது இருக்கின்றது? பழுது பார்ப்பதிலும் இதே தொல்லை. சிறியதைக் குறிகட்டுவான்வரை இழுத்துவிட்டால், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று தரைவழியே யாழ்ப்பாணம் கொண்டுபோகலாம். பெரியது தரைக்கு அந்நியம். அது கடல்வழியேதான் படகுத்தளம் ஒன்றுக்குப் போக வேண்டும். அங்கே முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்கும் கடன்தவணை உண்டு.

இனி, கூட்டத்தில் எல்லாரும் அறிந்தும் எவரும் உரத்துச் சொல்லாத ஒன்று. பெரிய படகுக்குப் பசி பெரிது. செலவு கழித்துப் பங்கு பிரிக்கையில் படகுக்கு, இயந்திரத்துக்கு, வலைக்கு என்று பங்கு போன பின்பே ஆளுக்கு மிஞ்சுகின்றது. பொருள் பெருக்கப் பெருக்கப் பொருளின் பங்கு பெருகும். உழைப்பவன் பங்கு சுருங்கும். அந்தப் பசியை வழிவலையும் நண்டுவலையும் தீர்க்காவிட்டால், கை எதைத் தேடும்? இழுவைமடியைத்தான்.

1952இல் இந்திய நோர்வேத் திட்டம் கேரளத்தில் கொல்லத்தின் அருகே நீண்டகரையில் கால்வைத்தபோது, அதன் நோக்கம் சிறு மீனவருக்கு இயந்திரம் தருவதே. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏற்றுமதி இறால் அதன் திசையைத் திருப்பிற்று. படகு பெருத்தது, மடி தரையைச் சுரண்டிற்று, படகு மீனவன் கையிலிருந்து பணம் போட்டவன் கைக்குப் போயிற்று. கட்டுமரக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே, 1988இல் மழைக்கால இழுவைத் தடை அங்கே வந்தது. எதிர்க்கரையான இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் கதை வேறல்ல. வாரத்தில் சில இரவுகள் நெடுந்தீவுக்கு வெளியே வரிசையாய் ஒளிரும் விளக்குகள் அந்தக் கதையின் தொடர்ச்சி. காலையில் எம் ஊரவர் அறுந்த வலையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றார்கள். இலங்கை நாடாளுமன்றம் 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. கடற்படை பிடித்து வருபவர்களைப் பார்த்தால், அவர்களும் கூலிக்கும் பங்குக்கும் வந்த ஏழைகள். தமிழ் பேசுகின்ற, கடனில் மூழ்கிய, எம் மாணவரின் தகப்பன்மாரைப் போன்ற முகங்கள். சிறைப்படுபவன் உழைப்பாளி, படகின் சொந்தக்காரன் கரையில் இருக்கின்றான். இதனைச் சொன்னால் வலை இழந்தவர்களுக்கு எம்மேல் கோபம் வருகின்றது. வலை இழந்தவனின் கோபத்தோடு வாதாடுவதற்கு நாம் வலை இழந்தவர்கள் அல்லர். எனினும் சொல்லாமல் இருப்பது இல்லை.

"மடி போட மாட்டம் எண்டு எழுதித் தாறம்" என்றார்கள் இளைஞர்கள். அவர்கள் சொல்லை நாம் நம்புகின்றோம். மூன்று தவணை தவறிய பின்னும் அந்தச் சொல் நிற்குமா என்று சங்கத் தலைவர் கேட்டார். அவர் 1970களில் மூன்றரைத் தொன் படகு ஒன்றில் வேலை செய்தவர். அந்தப் படகு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடிவாக நாம் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: மூன்று சிறிய வள்ளங்களும் அவற்றுக்கு 25 குதிரைவலு இயந்திரங்களும், ஒன்று கணவரை இழந்த பெண்களின் குழுவின் பெயரில், மிச்சத்தில், கரையில் சீமெந்துச் சரிவு ஒன்றும் கையால் சுற்றும் வின்ச் ஒன்றும். வின்ச் இருந்தால் இரண்டு பேர் ஒரு வள்ளத்தை ஏற்றிவிடலாம். அந்தப் பகுதியை நாமாகச் சேர்க்கவில்லை, கூட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அதனை முன்மொழிந்தபோது எம் மனத்தில் இருந்தது வரவு இடாப்பு என்பதை ஒப்புவதில் தவறில்லை. மழைக்கால இரவுகளுக்கென நல்ல படகு ஒன்றை ஊர் வைத்திருக்க வேண்டியதில்லை, அதனை நோயாளருக்காக அரசே தீவில் நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையைத் தனி மனுவாக எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுத்திருக்கின்றோம்.

வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. வள்ளங்களுக்குச் சம்மதம். மூன்றிலும் ஊரின் பெயர் எழுதப்பட வேண்டும். வின்சுக்கும் சீமெந்துக்கும் மட்டும் அவர்களில் பலருக்கு மனம் ஒப்பவில்லை. படத்திலே காட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லையாம். இளைஞர்கள் இன்னும் எம்மோடு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால், நண்டு விற்கும் நாளில் ஒவ்வொரு வள்ளமும் வின்சுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தபோது, முதலில் பணத்தைக் கொண்டுவந்து வைத்தவன், அப்பு காலத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பழைய மாணவன்தான். கணக்குக் கொப்பி எம்மிடம் இருக்கின்றது. மார்கழி பிறப்பதற்குள் சரிவுக்குக் கல் அடுக்க வேண்டும் என்கின்றார்கள்.